நிலக்கரி நாட்டில் ஒரு பிரயாணம்

தன்பாத்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியைச் சிறு பிராயம் முதல் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் கரி எந்த மண்ணில் வெட்டப்பட்டு, யார் யார் கையைக் கடந்து, ரயிலிலும் கடலிலும் எத்தனை தூரம் பிரயாணம் செய்து எங்கள் அனல் மின் நிலையத்து உலைக்கு வந்து சேருகிறது என்பதை நேரிலே காணவேண்டும் என்ற ஆசை வெகு காலமாக உண்டு. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாராதீப் வழியாகவும், வங்காள–ஜார்க்கண்டு எல்லைச் சுரங்கங்களிலிருந்து ஹால்தியா வழியாகவும் அது வருகிறது என்பது புத்தக அறிவு. 2021-ஆம் ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், 2070-க்குள் கரியமில வாயுவின் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவோம் என்று நமது தேசம் வாக்களித்தபோது, அந்த வாக்கின் பாரம் முழுவதும் முதலில் யார் தலையில் இறங்கும் என்ற விசாரமும் அந்த ஆசையோடு சேர்ந்துகொண்டது. ஆகவே பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாளில், சோட்டா நாகபுரிப் பீடபூமி எங்கும் பலாச மரங்கள் இலையுதிர்த்துச் செந்நிறப் பூவாய் நின்ற சமயத்தில், தன்பாத் நகரில் போய் இறங்கினேன்.

தன்பாத்தில் கரியோடு சம்பந்தமில்லாத மனிதரைத் தேடிப் பிடிப்பது கடினம். பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தின் தலைமைக் காரியாலயம் இங்கே இருக்கிறது. 1926-இல் ஆரம்பித்த சுரங்கவியல் கல்லூரி, இன்று ஐ.ஐ.டி.யாக உயர்ந்து நிற்கிறது. கடைத்தெருவில் துணி விற்பவரும், வாடகைக்கு வீடு விடுபவரும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவரும் மாதம் பிறந்தால் எதிர்பார்ப்பது சுரங்கத் தொழிலாளியின் சம்பளத்தைத்தான்.

காலையில் ஒரு தெருவோரக் கடையில் லிட்டி தின்றேன். வறுத்த கடலை மாவில் பூண்டும் பச்சை மிளகாயும் ஓமமும் கடுகெண்ணெயும் பிசைந்து, கோதுமை உருண்டைக்குள் அடைத்து, கரியடுப்பின் மேல் புரட்டிப் புரட்டிச் சுட்டு, சாம்பலைத் தட்டி நெய்யில் முக்கித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் பிசைந்த சோக்கா. அந்தச் சோக்காவில் எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்க் கொத்சின் வாசனை சற்று இருந்தது. கடைக்காரரிடம், இந்த அடுப்புக்குக் கரி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "அதோ வருகிறானே" என்று கையை நீட்டிக் காட்டினார்.

ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது சைக்கிள்தானா என்று அறிவதற்கே சிறிது நேரம் ஆயிற்று. மிதிகட்டையையும் சங்கிலியையும் கழற்றிவிட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் கவைக்கு இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து, நடுச்சட்டத்தின் இரு புறமும் பின்னாலும் கரி மூட்டைகளைக் கட்டியிருந்தார். இருநூறு கிலோவுக்குக் குறையாது என்றார் கடைக்காரர். மேட்டில் ஏறும்போது இடது கை கைப்பிடியிலும் வலது கை பின் மூட்டையிலும் இருக்க, உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ள வேண்டும். நிறுத்த வேண்டுமானால் ஒரு கவட்டுக் கழியை முட்டுக் கொடுக்க வேண்டும். கைவிட்ட சுரங்கத்து ஓரங்களில் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்குவதை விலைக்கு வாங்கி, நடுநிசியில் புறப்பட்டு, விடியும்போது நகரத்துக்கு வந்து சேருகிறார்.

"பாபு, எங்கள் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது" என்று அவர் சொன்னார். "சட்டப்படி நாங்கள் திருடர்கள். சுரங்கத்தை மூடினால் கம்பெனிக்காரனுக்குப் பென்ஷன் உண்டு. எனக்கு யார் நோட்டீஸ் கொடுப்பார்கள்?"

கோல் இந்தியா 1975-இல் தோன்றியபோது அதன் ஊழியர் ஆறு லட்சத்துக்கு மேல். இன்று இரண்டு லட்சத்துச் சொச்சம். உற்பத்தியோ பன்மடங்கு பெருகி, தேசத்தின் மொத்த நிலக்கரி 2024–25-இல் நூறு கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அந்த வேலைகளுக்கு வெளியே நின்றவர்களில் ஒரு பகுதியார் ஒப்பந்தக் கூலிகளாகவும், இந்தச் சைக்கிள்காரரைப்போலவும் அதே கரியையே நம்பி ஜீவிக்கிறார்கள். கரியிலிருந்து விலகும் திட்டங்களில் வேலை இழப்போர் கணக்கு எழுதப்படும்போது, சம்பளப் பட்டியலைப் பார்த்து எழுதினால் இவர் அதில் வரமாட்டார்.

ஜரியா

தன்பாத்துக்குத் தெற்கே சிறிது தூரத்தில் ஜரியா. உருக்குத் தொழிலுக்கு வேண்டிய உயர்ந்த ரகக் கோக்கிங் கரி நமது தேசத்தில் செறிந்து கிடக்கும் பூமி இது. அதே காரணத்தால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அக்கினியைக் கர்ப்பத்தில் சுமக்கும் பூமியும் இதுதான். இங்கே நிலத்தடித் தீ முதன்முதலாகப் பதிவான ஆண்டு 1916. தனியார் முதலாளிகள் காலத்தில், தூண்களைப்போலக் கரியை ஆங்காங்கே விட்டுவிட்டு மற்றதை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய வெற்றிடத்தை மணலால் நிரப்பியிருக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்தினார்கள். காற்றுப்பட்ட கரி தானே சூடேறி, தானே பற்றிக்கொள்ளும் சுபாவமுடையது. 1970-களின் ஆரம்பத்தில் சுரங்கங்கள் தேசியமயமான பிறகு கணக்கெடுத்தபோது எழுபது இடங்களில் தீ இருந்ததாம். பிறகு திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகி, பழைய சுரங்கவழிகளின் வாயை வெட்டித் திறந்தபோது, உள்ளே அடங்கிக் கனன்றுகொண்டிருந்த நெருப்புக்குப் புதுக் காற்றும் கிடைத்தது.

ஒரு முதியவர் தம்முடைய வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நிலத்தடிச் சுரங்கத்தில் சர்தாராக இருந்து, தொழிலாளர் இறங்குமுன் விளக்கோடு போய் விஷவாயு உண்டா என்று பார்த்துவரும் உத்தியோகத்தைப் பல்லாண்டு செய்தவர். வீட்டின் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, பிளவில் பூசிய சிமெண்டும் மறுபடி பிளந்திருந்தது. மூலையில் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்; உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டேன். வைத்திருக்க முடியவில்லை. வெளியே பத்து எட்டு வைத்தால் வெடிப்புகளிலிருந்து வெண்புகை. கந்தக நெடி தொண்டையைக் கவ்வியது. அந்தப் புகைக்கு நடுவே ஒரு சிறு ஆஞ்சநேயர் கோயில். அதன் மேடையைக் காலையில்தான் யாரோ அலம்பிக் கோலமிட்டிருந்தார்கள்.

இந்தத் தீயின் புகை யாருக்கும் விளக்கேற்றவில்லை, யாருடைய ரொட்டியையும் சுடவில்லை. மற்ற இடங்களில் கரியமில வாயுவைக் குறைத்தால் மின்சாரம் குறையும், வேலை குறையும் என்ற தர்க்கமாவது உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஆயினும் அணைப்பது எளிதன்று. தீயைத் தோண்டி எடுக்க வேண்டுமானால் அதன்மேல் இருக்கும் வீடுகளும் சாலைகளும் கடைத்தெருவும் அகல வேண்டும். அதற்கான பெருந்திட்டம் 2009-இல் அங்கீகாரம் பெற்றது. அந்தத் திட்டத்தின்படி கட்டிய குடியிருப்புதான் பேல்கடியா.

பேல்கடியா

அடுக்கடுக்காகக் கட்டிய சிறு வீடுகள். ஒரு வீட்டின் வாசலில் நடுவயதுப் பெண்மணி ஒருத்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "தீதி, இங்கே தரை சுடவில்லையே, சௌக்கியந்தானே?" என்று கேட்டேன். "தரை சுடவில்லை பையா, அடுப்பும் சுடவில்லை" என்றாள். ஜரியாவில் இருந்தபோது புருஷனுக்குச் சுரங்கத்தில் லாரி ஏற்றும் வேலை. அவளுக்கு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலை. இங்கே வந்தபின் ஆட்டோவுக்குக் கொடுப்பதிலேயே பாதிக் கூலி போய்விடுகிறது. அக்கம்பக்கத்தில் சில குடும்பங்கள் பகலில் ஜரியாவுக்கே திரும்பிப் போய், இடிந்த வீட்டின் மிச்சத்தில் இருந்து, இரவுக்கு மட்டும் இங்கே வருகின்றன. வீட்டை மாற்றிக் கொடுத்தவர்கள் ஜீவனத்தை மாற்றிக் கொடுக்கவில்லை. கரியை விட்டு விலகுவது என்பதன் முதல் பாடத்தை இந்த ஜனங்கள் இப்படித்தான் படித்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது, விலகச் சொல்லும் எந்தக் குரலையும் அவர்கள் நம்பாததில் எனக்கு ஆச்சரியம் தோன்றவில்லை.

சிந்த்ரி

சிந்த்ரிக்குப் போகும் வழியில் சாஸ்னாலா. 1975 டிசம்பர் 27 அன்று இங்கே சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 375 தொழிலாளர் மாண்டனர். ஜரியாவிலிருந்து கூட வந்த முதியவர் அந்த இடத்தைக் கடக்கும்போது தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சிந்த்ரியை நான் பார்க்க விரும்பியதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: பெரிய தொழிற்சாலை ஒன்று மூடினால் ஊர் என்ன ஆகும் என்பதைப் பிரத்தியட்சமாக அனுபவித்த ஊர் இது. சுதந்திர இந்தியாவின் பெருமைகளுள் ஒன்றாக நேருவின் காலத்தில் தோன்றிய உரத் தொழிற்சாலை, நஷ்டத்தில் ஆழ்ந்து 2002-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. மரங்கள் அடர்ந்த அழகான காலனி. பாதி வீடுகளின் ஜன்னல்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூரைமேல் அரசமரம் வேர்விட்டிருக்கிறது. அங்கே தையற்கடை வைத்திருந்த ஒருவர், ஒரு காலத்தில் பள்ளிக்கூடச் சீருடைகளுக்காக மட்டும் ஐந்து ஆட்களை வைத்திருந்தாராம். இயற்கை எரிவாயுவில் ஓடும் புதிய உர ஆலை அதே ஊரில் எழுந்து, 2024-இல் தேசத்துக்கு அர்ப்பணமாயிற்று. பழைய ஆலையைவிட அது சுத்தமானது. ஆனால் முன்பு ஆயிரக்கணக்கானவர் செய்த வேலையைப் புது யந்திரங்கள் சொற்ப ஆட்களை வைத்தே செய்து முடிக்கின்றன. இடைப்பட்ட இருபதாண்டுகளில் ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பவில்லை.

கத்ராஸ் வழியாகப் பொகாரோ

தன்பாத்திலிருந்து கத்ராஸ் வழியாகச் சந்திரபுராவுக்குப் போகும் ரயில்பாதையின் அடியிலும் தீ இருக்கிறது. அதனால் 2017-இல் அந்தப் பாதையை மூடினார்கள். ஜனங்களின் கிளர்ச்சிக்குப் பிறகு 2019-இல் மீண்டும் திறந்தார்கள். அதில்தான் சென்றேன். இருபுறமும் கரியை எடுக்கத் தோண்டிப் போட்ட மேல்மண், குன்று குன்றாக உயர்ந்து, வானத்தில் பாதியை மறைக்கிறது. எதிரே கரி ஏற்றிய வண்டித்தொடர் ஒன்று கடந்து முடியும்வரை எங்கள் வண்டி காத்து நின்றது.

அந்தக் காத்திருப்பில் ஒன்று எனக்கு நன்றாக விளங்கிற்று. ரயில்வே சுமக்கும் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அதற்குச் செலவைவிட அதிகமான கட்டணம் வாங்கி, அந்த லாபத்தைக்கொண்டே நம்மைப்போன்ற பிரயாணிகளின் டிக்கெட் விலையைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். என்னோடு பெட்டியில் இருந்த பால்காரர்களும், கல்லூரிப் பெண்களும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணியும், எதிரே நிதானமாக ஊர்ந்துபோன அந்தக் கரியின் தயவில்தான் பிரயாணம் செய்துகொண்டிருந்தோம். கரி நின்றால் கன்னியாகுமரியில் டிக்கெட் வாங்குபவரும் கூடுதலாகக் கொடுக்க நேரும். அதைக் கிளாஸ்கோவில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

பொகாரோ உருக்கு நகரம், சோவியத் ஒத்துழைப்போடு 1960-களில் திட்டமிடப்பட்டது. அகன்ற வீதிகள், செக்டர் செக்டராகப் பிரித்த குடியிருப்புகள், நிழல் மரங்கள். அங்கே குடியேறி முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்ட தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வீட்டில் விருந்துண்டேன். ஊதுலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்ஜினியர். மிளகு ரசமும் சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டும் பரிமாறிக்கொண்டே பேசினார்.

"மின்சாரத்துக்குக் கரி வேண்டாம்னு சொல்லிடலாம் தம்பி. சூரியன் இருக்கு, உங்க ஊர்ல காத்து இருக்கு. உருக்குக்கு என்ன பண்ணுவே? இரும்புத் தாதுல இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கெடக்கு. கோக் என்ன பண்ணும்? சூடும் கொடுக்கும், அந்த ஆக்ஸிஜனையும் பிடுங்கிக்கும், மேலே ஏத்தற சுமையையும் தாங்கும். மூணு வேலை. பிடுங்கின ஆக்ஸிஜன் எங்கே போகும்? கரியமில வாயுவாத்தான் வெளியே வரணும். ஒரு டன் உருக்குக்கு ரெண்டு டன்னுக்கு மேல வாயு. இதுல யார் மேல கோவிச்சுக்கறது?"

கோக்குக்குப் பதிலாக ஹைடிரஜனைக்கொண்டு தாதுவை இரும்பாக்கும் சோதனைகள் சுவீடனில் நடப்பதைச் சொன்னேன். அவரும் அறிந்திருந்தார். அதற்கு மலிவான மின்சாரம் மலைபோல் வேண்டும் என்றும், ஓர் ஊதுலையைக் கட்டினால் பல பத்தாண்டுகளுக்கு அதை விட்டு நகர முடியாது என்றும் சொல்லிவிட்டு, வேறொரு விஷயத்துக்கு வந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சிறிது கனம் ஏறிற்று.

"இந்த மண்ணுல கரியும் இரும்பும் இருந்தும் இங்கே ஏன் வேற தொழில் வரலை, தெரியுமா? அம்பதுகள்லேர்ந்து தொண்ணூறுகள் ஆரம்பம் வரைக்கும் சரக்குக் கட்டணச் சமன்பாடுன்னு ஒரு கொள்கை. கரியும் உருக்கும் தேசம் பூரா ஒரே விலையில கிடைக்கும்படி சர்க்கார் ஈடுகட்டித்து. அப்புறம் எவன் இந்தக் காட்டுல வந்து ஆலை வைப்பான்? பம்பாய், மெட்ராஸ்னு துறைமுகத்துக்குப் பக்கத்துல வெச்சான். உங்க ஊரும் என் ஊரும் அதுல லாபம் பார்த்தது. இவங்களுக்குக் குழிதான் மிச்சம்."

நான் மறுமொழி சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன ஆலைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

பத்ராத்து

ராம்கட் கடந்து பத்ராத்து. பள்ளத்தாக்கில் இறங்கும் மலைப்பாதையின் வளைவுகளில் நின்று பார்த்தால், சால மரக் காடுகளுக்கு நடுவே அணையின் நீர் நீலமாய் விரிந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் புகைபோக்கிகள். அரிசியும் கடலைப்பருப்பும் அரைத்துப் பொரித்த துஸ்கா, உருளைக்கிழங்குக் குழம்போடு வழிநெடுகக் கிடைக்கிறது, மிக ருசியானது.

1960-களில் சோவியத் உதவியால் எழுந்த பழைய அனல் மின் நிலையம் தேய்ந்து, 2017-இல் நின்றுபோயிற்று. அந்த இடத்திலேயே, தேசிய அனல் மின் கழகத்தின் கூட்டு முயற்சியில், ஒவ்வொன்றும் 800 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகளுடன் புதிய நிலையத்தின் முதற்கட்டத்துக்கு 2018-இல் அடிக்கல் நாட்டினார்கள். பழையதைவிடக் குறைந்த கரியில் அதிக மின்சாரம் தரும் கொதிகலன்கள் இவை என்பது மெய். எனினும் இன்று கட்டும் நிலையம் முப்பது நாற்பது ஆண்டுகள் எரிந்தாக வேண்டும். அதற்காக வாங்கிய கடனுக்கு அவ்வளவு ஆயுள் தேவை.

துஸ்கா விற்றவரின் தந்தை பழைய நிலையத்தில் வேலை செய்தவர். மூடிய காலத்தில், வாடகைக்கு விட்டிருந்த மூன்று வீடுகளின் வருமானமும் நின்று, தங்கையின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதை அவர் விவரித்தார். புது நிலையம் எழும்பியதும் கடையை விஸ்தரித்திருக்கிறார். இந்த மலைகளில் காற்று மந்தம். எங்கள் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் ஆடி மாதத்தில் சுழல்வதுபோலக் காற்றாலைகள் இங்கே சுழலா. சூரிய ஒளி உண்டு. ஆனால் பெரிய சூரியப் பண்ணைகளும் காற்றாலைகளும் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் எழுகின்றன. கரி போகும் இடம் வேறாகவும், அதற்கு ஈடான புதுத் தொழில் வரும் இடம் வேறாகவும் இருக்கிறது. காற்று நின்ற மாலைகளிலோ, தூத்துக்குடி 1979 முதல் எரித்து வரும் அதே கரியைத்தான் எங்கள் ஊரும் கேட்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அறுநூறு எழுநூறு கிராம் கரியும், ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவும் ஆகின்றன. மூலப்பொருள் இந்த மாகாணங்களுடையது, வெளிச்சம் நம் எல்லோருடைய வீட்டிலும் என்னும்போது, கரி நாட்டாரை மட்டும் பிடிவாதக்காரர் என்று சொல்வது நியாயமாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

கரி நாட்டாருக்கு மாற்றுத் தொழில் தருவதற்கான பணத்துக்கு வழி இல்லாமலும் இல்லை. 2010 முதல் ஒவ்வொரு டன் கரிக்கும் ஐம்பது ரூபாய் சுத்த ஆற்றலுக்கான மேல்வரி வசூலாயிற்று. 2016-இல் அது நானூறு ரூபாய் ஆயிற்று. மறு ஆண்டு ஜி.எஸ்.டி. வந்தபோது, அந்த வசூல் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் நிதியோடு கலந்துவிட்டது. அந்தத் தொகையில் ஒரு பங்கு சைக்கிள்காரருக்கும் பேல்கடியாப் பெண்மணிக்கும் ஒரு கைத்தொழிலாக வந்து சேர்ந்திருந்தால், இன்று நிலைமை வேறாக இருந்திருக்கும்.

பட்காகாவ்

ஹஜாரிபாக் மாவட்டத்தில், கர்ணபுரா சமவெளியில் இருக்கிறது பட்காகாவ். கரும்பும் நெல்லும் காய்கறியும் விளையும் வளமான மண். மண்சுவர் வீடுகளில் பெண்கள் கல்யாணத்துக்கும் அறுவடைக்கும் தீட்டும் கோவர், சோஹராய் சித்திரங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றவை. கறுப்பு மண் பூசி, அதன்மேல் வெள்ளை மண்ணை ஈரத்தோடு பூசி, உடைந்த சீப்பினால் கீறினால் அடியிலுள்ள கறுப்பு மயிலாகவும் யானையாகவும் வெளிப்படுகிறது. இந்தச் சமவெளியின் அடியில் கரி. பெரிய சுரங்கம் ஒன்று ஏற்கெனவே தோண்டப்பட்டு வருகிறது.

ஒரு வெல்லக் கொட்டிலில் அண்ணன் தம்பி இருவரைச் சந்தித்தேன். அகன்ற இரும்புக் கொப்பரையில் சாறு கொதித்து நுரை பொங்க, அண்ணன் நீண்ட அகப்பையால் அழுக்கை வழித்துக்கொண்டிருந்தார். தம்பி தம் பங்கு நிலத்துக்கு நஷ்டஈடு வாங்கிவிட்டார். மகனுக்குச் சுரங்கத்தில் டம்பர் ஓட்டும் ஒப்பந்த வேலை. அண்ணன் வாங்க மறுத்து, வழக்கில் இருக்கிறார். 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிப் பிரதேசச் சட்டத்தின்படி எடுத்த நிலம், கரி தீர்ந்த பிறகும் உழவனுக்குத் திரும்புவதில்லை. அப்படித் தீர்ந்த நிலங்களை வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தலாம் என்ற கொள்கையே 2022-இல்தான் வந்தது. ஜார்க்கண்டு அரசு அதே ஆண்டில் கரிக்குப் பிந்திய காலத்தைப் பற்றி ஆராய ஒரு செயற்குழுவை அமைத்திருக்கிறது. சகோதரர் இருவருமே அதைக் கேள்விப்படவில்லை.

வெந்த வெல்லத்தைத் தேக்கிலையில் வைத்துக் கொடுத்தார்கள். சூடு ஆறுமுன் அண்ணன் என்னைக் கேட்டார்: "உங்கள் பக்கத்தில் காற்றாலை வைத்திருக்கிறார்களாமே, நிலம் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?"

நான் அறிந்ததைச் சொன்னேன். ராதாபுரத்துப் பக்கம் மானாவாரி நிலத்தைத் தரகர்கள் மூலம் சொற்ப விலைக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஓரிருவருக்குக் காவற்காரர் வேலை கிடைத்தது.

"குத்தகைக்கா, கிரயத்துக்கா?"

"கிரயத்துக்கு."

அவர் அகப்பையைக் கொப்பரையின் விளிம்பில் தட்டிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். தம்பி, "குத்தகை என்றால் நான்கூட யோசித்திருப்பேன். எங்களிடம் யார் கேட்டார்கள்?" என்றார்.